நடை சாத்துவதற்குள்: கடலூரிலிருந்து ஒரு இரண்டு நாள் சுற்று

பாண்டிச்சேரி வரை வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் நடந்து, மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு ஞாயிறு இரவு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பள்ளிக்கூட நண்பர்கள் நான்கு பேரோடு மாசி மாதத்தில் ஒரு சுற்று போய்வருவது வழக்கம். பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், பரங்கிப்பேட்டை. எல்லாம் சேர்த்து 200 கிலோமீட்டர் சொச்சம்தான். இந்த ஊர்களுக்கென்று யாரும் காரெடுத்து வருவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள குறை.

முதல் முறை போனபோது நேரம் பார்க்காமல் கிளம்பினோம். விருத்தாசலம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை, நடை சாத்திவிட்டார்கள். நாலு மணி வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அதில் கற்றுக்கொண்டதுதான் இது: சின்ன ஊர்களுக்குப் போகும்போது தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், அந்த ஊரின் நேரத்தை வைத்துப் போடுங்கள். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் மூடி மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும். காலையில் ஒரு கோயில், நடுப்பகலில் சாப்பாடும் சாலையும், மாலையில் அடுத்த கோயில். இந்த வரிசை மாறக்கூடாது.

பாண்டியிலிருந்து வருகிறீர்கள் என்றால் எல்லை தாண்டுமுன் கன்னியக்கோயில் பக்கத்திலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், அங்கே பெட்ரோல் விலை குறைவு. மது பாட்டில் எதையும் வண்டியில் ஏற்றவேண்டாம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் சோதனை உண்டு. ஒருத்தன் ஒளித்து வைத்தால் மொத்தப் பேரின் பயணமும் அங்கேயே முடிந்துவிடும். கிளம்பும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கடலூரை விட்டால் நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி. கரும்பு வெட்டும் காலமாக இருந்தால் சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். பல டிராக்டருக்குப் பின்விளக்கு கிடையாது, கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் இந்தச் சாலையில் வேகம் வேண்டவே வேண்டாம்.

பண்ருட்டிக்கு வந்ததும் நேரே திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். சூலை நோயில் துடித்து வந்த தம்பிக்கு அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்த இடம். அந்தத் தம்பிதான் அப்பர். கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள், இரண்டு பக்கச் சுவரிலும் நடனக் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே தேர் போல எழும்பும் விமானம், பதினாறு பட்டை லிங்கம். திரிபுரம் எரித்த கதை இங்கேதான் என்பதால் தேர். ஏழு மணிக்குப் போனால் கூட்டமே இருக்காது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு கடலூருக்குத் திரும்பியதும் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயரைப் பார்க்கும்போது மனசு தானாக இணைத்துக்கொள்ளும். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அதே அப்பர் கரையேறிய இடம் அது.

பண்ருட்டி கடைகளில் முந்திரி வாங்கலாம். சமையலுக்கு என்றால் உடைத்த பருப்பே போதும், விலையும் குறைவு. பலாப்பழம் வேண்டுமானால் சித்திரையிலிருந்து ஆனிக்குள் வரவேண்டும். அப்படி வந்தால் முழுப்பழத்தைக் காருக்குள் வைக்காதீர்கள், சுளையாக வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள்.

பதினொன்றரைக்குள் வடலூர் சேரவேண்டும். வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது, வருகிற எல்லோருக்கும் சோறு போடுகிறது. நீங்கள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் ஐந்து பேரும் அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டைப் போல எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது அரிசிக்கென்று முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். 1872-இல் திறந்த எண்கோண ஞானசபையும் பக்கத்திலேயே. புலால் உண்பவர்கள் உள்ளே போகக்கூடாது என்பது வள்ளலார் வைத்த விதி. எங்களில் மூன்று பேர் வெளியிலிருந்தே கும்பிட்டோம். தைப்பூச வாரத்தில் மட்டும் கார் கொண்டுவராதீர்கள்.

அங்கிருந்து நெய்வேலி, வண்டியில் இருந்தபடியே போதும். சுரங்கத்திலிருந்து அள்ளிய மண் மலை மலையாகத் தெரியும்.

நாலரைக்கு விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து: கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து. எண்ணிக்கொண்டே சுற்றுங்கள், குழந்தைகள் போல ஆகிவிடுவோம். ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்கிப் போகவேண்டும். வெளியே ஓடுவது மணிமுத்தாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்கிறோமே, சுந்தரர் பொன்னைப் போட்ட ஆறு இதுதான். தேடி எடுத்தது திருவாரூர்க் குளத்தில். இரவு இங்கேயே தங்குங்கள். மாசி மகத்தை ஒட்டிப் போவதானால் அறையை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஸ்ரீமுஷ்ணம் பூவராகர். மண்டபத் தூண்களின் குதிரைவீரர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கோரைக்கிழங்கு உருண்டைதான் இங்கே சுவாமிக்குப் படைப்பது, கிடைத்தால் விடாதீர்கள். மாசி மகத்துக்கு உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்குப் போவார். கிள்ளையிலுள்ள தர்கா சார்பில் அவருக்கு மரியாதை செய்வார்கள்.

சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சோடு இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் பரங்கிப்பேட்டை. 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய ஊர். இப்போது வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் படகுகளும் கொக்குகளும்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம் இங்கே இருப்பது ஏன் என்று அந்த முகத்துவாரத்தைப் பார்த்தாலே புரியும்.

ஐந்து மணிக்குள் கடலூர் வந்துவிட்டால் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கலாம். 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் ஊர்கள் அவர்களுக்கு என்று பேச்சு. அதனால் அவை குண்டு கிராமங்கள் ஆயின, நகரில் குண்டு சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. எங்கள் வழக்கப்படி, கடலோரத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு அங்கேயே இரண்டு நாள் செலவுக் கணக்கை முடித்துவிடுவோம்.