பூ உதிர்ந்தால் மருந்து, சினை நிற்காவிட்டால் சந்தை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் கத்தரி நட்டவர்கள் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்பது, "பூவெல்லாம் கொட்டிப்போவுது, இன்னா அடிக்கலாம்ணா?" என்பதுதான். அடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உதிர்ந்த பூவில் பத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பு போல நிற்பவை மகரந்தப் பைகள். அந்தக் கூம்புக்குள்ளிருந்து ஒரு காம்பு மேலே வரும். அதன் நுனிதான் சூல்முடி, மகரந்தம் ஒட்ட வேண்டிய இடம். சில பூக்களில் அது கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் கூம்பின் மட்டத்துக்கு நிற்கும். மீதிப் பூக்களில் உள்ளேயே குட்டையாக ஒளிந்திருக்கும். முதல் இரண்டு வகைதான் காய் பிடிக்கும். குட்டைக் காம்புப் பூ உதிரத்தான் செய்யும், எந்த மருந்தும் அதைக் காயாக்காது. ஒரே செடியில் எல்லா வகையும் கலந்து பூப்பது கத்தரியின் இயல்பு. உங்கள் கையில் இருக்கும் பத்தில் பெரும்பாலானவை குட்டைக் காம்பாக இருந்தால், செடிக்கு நோய் என்று பயப்பட வேண்டாம். காய் பாரம் ஏறிய செடியிலும் ஊட்டம் குறைந்த செடியிலும் அப்படிப் பூக்கள் கூடும். அதற்கு எருவும் தண்ணீரும்தான் வழி.

நீண்ட காம்புப் பூவே உதிர்கிறதா? அப்போது வண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கத்தரியின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது, நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கும். கருவண்டும் உடம்பில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து 'ங்ங்' என்று அதிரும்போது உப்புக் குலுக்கியிலிருந்து கொட்டுவது போல மகரந்தம் கொட்டும். காற்று ஆட்டினாலும் கொஞ்சம் விழும், ஆனால் வண்டு செய்கிற வேலைக்கு அது ஈடில்லை. காலை எட்டு மணிக்குத் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கென்று விஷத்தைத் தெளித்தால் இந்த வண்டுகள்தான் முதலில் போகும். அதனால் வாடிய நுனித் தண்டைக் கிள்ளிப் புழுவோடு அழியுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள். அந்தப் புழுவை உண்டாக்கும் பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிக்கும் பொறி அது. இணை கிடைக்காத பெண் இடும் முட்டை பொரிக்காது. தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள்.

கொடிக் காய்களில் வேறு விதமான அவசரத்தைப் பார்க்கிறேன். பூசணியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ. "பொய்ப்பூ, மலட்டுக்கொடி" என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு வரும் பெண்பூவுக்குக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால், அன்று அந்தப் பூவுக்கு மகரந்தம் சேரவில்லை என்பதுதான் பல நேரம் காரணம். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிடலாம். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். சுரையும் புடலையும் பீர்க்கையும் மாலையில் மலர்பவை, அவற்றுக்குக் காலையில் போய் நின்று பயனில்லை.

விதை எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் வைத்த அந்த ரகத்தைத் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காப்பாற்றியவர்கள் நம் ஊர்க்காரர்கள். இப்போது பக்கத்துக் கொல்லையில் வீரிய ஒட்டு ரகம் நிற்கிறது. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் வண்டு கொஞ்சம் கலந்துவிடும். "காய் அப்படியே முள்ளோடதான் இருக்கு, எங்க கலந்துச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. காயின் சதையும் தோலும் தாய்ச் செடியுடையவை, கலப்பு உள்ளே விதையில் இருக்கும். அது அடுத்த நடவில்தான் வெளியே தெரியும். விதைச் சான்றளிப்பு விதிப்படி கத்தரிக்கு மற்ற ரகத்திலிருந்து 100 முதல் 200 மீட்டர் இடைவெளி வேண்டும். முடியாதவர்கள் நல்ல செடியாக நாலைத் தேர்ந்தெடுத்துப் பூவை விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிக் காய் பிடித்ததும் பையை எடுத்துவிடலாம். விற்றது போக மிஞ்சிய சொத்தைக் காயில் விதை எடுக்காதீர்கள்.

செடியில் இப்படிக் கலக்காமல் காக்க வேண்டும், ஆட்டில் நேர்மாறு. சொந்தப் பட்டியில் பிறந்த கிடாவையே வளர்த்து, அதன் தாயோடும் தங்கையோடும் விட்டால் குட்டிகள் எடை குறையும், நோஞ்சானாகும், சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளிக்கிடா மாற்றுங்கள். கிடாக்குட்டிகளை நாலு மாதத்திலேயே பிரித்துவிடுங்கள்.

அப்புறம் மாடு. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் "சினை நிற்கல" என்று விற்கப்படும் மாடுகளில் எத்தனை உண்மையில் மலடு என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கலங்கும். பல வீடுகளில் தவறு மாட்டிடம் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பசுவுக்குப் பருவம், அதாவது சினைக்கு ஏற்ற நேரம், 21 நாளுக்கு ஒருமுறை வரும், அரை நாளுக்குச் சற்றே கூட நிற்கும். கருமுட்டை வெளிவருவது பருவம் அடங்கிச் சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அதனால் காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. மாடு கத்தின உடனே ஊசி போட ஆளைக் கூப்பிடுவதும், மறுநாள் உச்சிக்குக் கூப்பிடுவதும் வீண். கத்துவதை மட்டும் நம்பவும் கூடாது. வேறு மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்பதும், பின்பக்கம் கண்ணாடி போல வழும்பு தொங்குவதும்தான் நம்பகமான அடையாளம். நம் ஊர்க் கோடை வெயிலில் இந்த அடையாளங்களே மங்கிவிடும். விடியற்காலையும் படுக்கப்போகும் முன்பும் கொட்டகைக்கு ஒரு நடை போங்கள்.

பருவம் முடிந்த இரண்டாம் நாள் சில மாடுகளுக்கு லேசாக இரத்தம் கசியும். "ரத்தம் போட்டுச்சு, இனி நிக்காது" என்று எங்கள் ஆயா காலத்திலிருந்தே சொல்வார்கள். அப்படியில்லை. சினை பிடித்த மாட்டுக்கும் அது வரும். பருவம் முடிந்துபோனது என்பது மட்டுமே அதன் பொருள். அந்த நேரத்தில் ஊசி போட்டால் காலம் கடந்துவிட்டது, 21 நாள் கணக்கு வைத்து அடுத்ததற்குத் தயாராகலாம்.

இன்னொன்று, மாடு மறுபடி கத்தவில்லை என்பதால் சினை என்று முடிவுகட்டாதீர்கள், மூன்று மாதத்துக்குள் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். சினை மாடும் அரிதாகப் பருவம் போலக் காட்டும். பரிசோதிக்காமல் ஊசி போட்டால் கரு கலையலாம். மூன்று முறை சரியான நேரத்தில் போட்டும் நிற்காவிட்டால் கருப்பையில் சீழோ தாது உப்புக் குறையோ இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

எங்கள் நைனா கொட்டகைச் சுவரில் மாடு பருவம் கண்ட தேதியைக் கரியால் எழுதுவார். விற்க நினைத்த சிவப்புப் பசுவுக்கு அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஒரு மாலையில் ஊசி போட்டோம். எழுதிய தேதியிலிருந்து சினைக்காலக் கணக்கான 280 நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிடேரி போட்டது.