சைக்கிள் செயின் கட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது

கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் வாங்கி வந்துவிட்டீர்கள். பழையதைக் கழற்ற உட்கார்ந்தால் அதில் லாக்கும் இல்லை, கிளிப்பும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் எல்லாக் கண்ணியும் ஒன்றுபோலவே இருக்கிறது. இங்கேதான் செயின் கட்டர் வேண்டும். சிலர் இதைச் செயின் பிரேக்கர் என்பார்கள், கருவி ஒன்றுதான்.

என்னுடையது முன்னால் 3, பின்னால் 7 என்று 21 கியர் உள்ள சாதாரண ஹைபிரிட். எங்கள் தெருமுனைக் கடை அண்ணன் பங்சர், பிரேக், பேரிங் எல்லாம் அருமையாகப் பார்ப்பார். கியர் செயின் என்றால் மட்டும் "நீங்களே பார்த்துக்கங்க சார்" என்று நகர்ந்துவிடுவார். அவருடைய முறை வேறு: செயினை ஒரு நட்டின் மேல் வைத்து, பஞ்ச் என்னும் எஃகுக் குச்சியைக் குறி பார்த்து வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு. பழைய ஹெர்குலஸ், அட்லஸ் வண்டிகளின் 1/8 அங்குல உள் அகலச் செயினுக்கு அது போதும். தகடு தடிமனானது, கொஞ்சம் சரிந்து அடித்தாலும் தாங்கும். கியர் செயினின் தகடு மெல்லியது. அடி சரிந்தால் தகடு வளையும், அப்புறம் அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பல்லில் தட்டும்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. செயினின் கண்ணிகளைக் கோத்திருப்பதும் பின், கருவியிலிருந்து வந்து அதைத் தள்ளுவதும் பின். இரண்டையும் அப்படியே சொன்னால் குழம்பும். அதனால் செயினில் இருப்பதை ரிவிட் என்றும், கருவியில் இருப்பதை ஊசி என்றும் சொல்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எஃகு ஸ்கேல் போதும். ஒரு ரிவிட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எந்தக் கம்பெனிச் செயினாக இருந்தாலும் இது மாறாது. ஆக 24 கண்ணிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் போயிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் அநேகமாகத் தேய்ந்திருக்கும், அவற்றுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

எதை வாங்குவது

கடைகளிலும் ஆன்லைனிலும் 200, 300 ரூபாய்க்குக் கையடக்கமான கட்டர்கள் கிடைக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவை, 7 அல்லது 8 ஸ்பீடு (பின்னால் எத்தனை பல்சக்கரமோ அத்தனை ஸ்பீடு) செயினுக்கு என்றால் அதுவே போதும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவற்றில் பலவற்றின் ஊசி மிருதுவான இரும்பு. சற்றுக் கோணலாக அழுத்தினாலே வளைந்துவிடும். மாற்று ஊசியும் கிடைக்காது. மொத்தக் கருவியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஊசியைத் தனியாக வாங்கி மாற்ற முடிய வேண்டும். கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். ரிவிட்டின் முதல் இறுக்கத்தைத் தாண்ட உண்மையான பலம் தேவைப்படும், சின்னக் கட்டை கைக்குள் வழுக்கும். மூன்றாவது, எத்தனை ஸ்பீடு செயினுக்குப் பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். 8 ஸ்பீடு செயினின் வெளி அகலம் 7 மி.மீ.க்குச் சற்று மேல், 11 ஸ்பீடு செயினோ 5.5 மி.மீ. அளவுதான். அகலச் செயினுக்கென்று செய்த கட்டரில் ஒல்லிச் செயினை வைத்தால் அது ஆடிக்கொண்டு நிற்கும், ஊசி நடுவில் படாது.

பட்டறை அளவுக் கருவி வேண்டுமானால் பார்க் டூல் சிடி-3.3 நல்ல தேர்வு. விலை அதிகம்தான், ஆனால் வீட்டில் இரண்டு மூன்று கியர் சைக்கிள் இருந்தால் கொடுத்த காசு வீண்போகாது. அவர்களுடைய சின்னக் கருவியான சிடி-5 பைக்குள் அடங்கும். ஷிமானோவின் கட்டர்களும் உழைக்கும். மல்டிடூலோடு ஒட்டி வரும் கட்டரை வழியில் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதை வைத்து வேலை செய்வது கைக்குத் தண்டனை.

காம்பக்னோலோ 11 ஸ்பீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. அந்தச் செயினை ரிவிட் வைத்து இணைத்தால் முனையைத் தட்டி அகலப்படுத்தவும் வேண்டும், அதற்குக் கருவியே தனி.

இழுவிசையைக் குறையுங்கள்

பின்பக்கம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். பிறகு முன்பக்கச் சக்கரத்திலிருந்து செயினைக் கையால் எடுத்து உள்பக்கம், பிரேமின் மேல் விழ விடுங்கள். இப்போது செயின் தொங்கும். இதைச் செய்யாவிட்டால் ரிவிட் வெளியே வந்த நொடியில் டெரெய்லர் (பின்பக்கம் தொங்கியபடி செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பாகம்) செயினைச் சுண்டி இழுக்கும். டெரெய்லருக்குள் செயின் எந்த வழியில் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டெரெய்லரில் உள்ள இரண்டு சின்னச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு தகட்டு நாக்கு இருக்கும், செயின் அதற்கு எந்தப் பக்கம் போகிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

எந்த ரிவிட்டைத் தள்ளுவது

பழைய செயினைக் குப்பையில்தான் போடப் போகிறீர்கள் என்றால் எதைத் தள்ளினாலும் ஒன்றுதான். நடுவில் பளபளப்பாகவோ நிறம் மாறியோ ஒரு ரிவிட் தனியாகத் தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அது கம்பெனி இணைப்பு ரிவிட், மற்றவற்றை விட இறுக்கமாக இருக்கும்.

யோசிக்க வேண்டியது புதுச் செயினை வெட்டும்போதுதான். செயினில் வெளித்தகட்டுக் கண்ணி, உள்தகட்டுக் கண்ணி என்று மாறி மாறி வரும். குயிக் லிங்க் (இரண்டு பாதியாக வந்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இணைப்புக் கண்ணி) போட்டு இணைக்கப் போகிறீர்கள் என்றால் செயினின் இரண்டு முனையும் உள்தகடாக இருக்க வேண்டும், ஏனென்றால் குயிக் லிங்க்கே ஒரு வெளித்தகட்டுக் கண்ணி. இணைப்பு ரிவிட் போடுவதானால் ஒரு முனை உள், ஒரு முனை வெளி. அதாவது குயிக் லிங்க்கோடு சேர்த்து 112 கண்ணி வேண்டுமென்றால், செயினை 111இல் வெட்ட வேண்டும்.

பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, முனைக்கு முனை பார்த்து வெட்டாதீர்கள். 1% தேய்ந்த 114 கண்ணிச் செயின் ஏறக்குறைய 14 மி.மீ. நீண்டிருக்கும், அது ஒரு முழுக் கண்ணியை விட அதிகம். உட்கார்ந்து எண்ணுங்கள். பத்துப் பத்தாக நூல் கட்டிக்கொண்டு எண்ணினால் தவறாது.

பழையது சரியான நீளம்தானா என்றே சந்தேகமாக இருந்தால் (பழைய சைக்கிளாக வாங்கியவர்களுக்கு இது சகஜம்), புதுச் செயினை டெரெய்லருக்குள் விடாமல், முன்பக்கப் பெரிய சக்கரத்தையும் பின்பக்கப் பெரிய சக்கரத்தையும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

செயினைக் கருவியில் வைப்பது

பலருக்கும் கருவி உடைவது இந்தக் கட்டத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல கட்டர்களில் செயினை வைக்க இரண்டு மேடை இருக்கும். ஒன்று கைப்பிடிக்குப் பக்கத்தில், மற்றொன்று தள்ளி, எதிர்ச்சுவரை ஒட்டி. கையும் கண்ணும் இயல்பாகப் பக்கத்து மேடைக்குத்தான் போகும். அது தவறான மேடை. இறுகிப் போன கண்ணியை லேசாகத் தளர்த்துவதற்காக வைத்தது அது. அதன் முதுகுப்புறம் தாங்கலாக எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் மெல்லிய இரண்டு பற்கள். ரிவிட்டை வெளியே தள்ளும் பலத்தை அங்கே கொடுத்தால் பற்கள் விரியும், அல்லது உடைந்தே போகும். ரிவிட் தள்ள எப்போதும் தூரத்து மேடை. செயினின் முதுகு எதிர்ச்சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சுவரில் ரிவிட் வெளியே வர ஒரு துளை இருக்கும். சில கருவிகளில் சுவருக்குப் பதில் திருகி நகர்த்தும் தாங்கி இருக்கும், அதைச் செயினைத் தொடும் வரை திருகி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேடை உள்ள கருவி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் தடவை வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

செயின் மேடையில் முழுக்க இறங்கி உட்கார்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இனி கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, ஊசி ரிவிட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். கருவியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். கால் சுற்று அழுத்தி, திரும்பத் தளர்த்தி, ரிவிட்டின் தலையில் விழுந்த தடத்தைப் பாருங்கள். வட்டத் தடம் நடுவில் இருந்தால் தொடரலாம். ஓரமாக இருந்தாலோ, தகட்டின் மேல் கீறல் தெரிந்தாலோ செயினைத் திரும்ப வையுங்கள். ஊசி ரிவிட்டை விட்டுத் தகட்டைத் தள்ளினால் இரண்டில் ஒன்று வளையும், பெரும்பாலும் ஊசிதான்.

தள்ளுவது

முதலில் நன்றாக இறுக்கமாக இருக்கும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், சட்டென்று இலகுவாகும். அதன் பின் ஒரே சீரான கனத்தில் போகும். சுற்றச் சுற்றக் கனம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள், ஊசி எங்கேயோ மோதுகிறது என்று அர்த்தம். கைப்பிடிக்குள் கம்பி சொருகி நெம்பும் வேலை வேண்டாம்.

ரிவிட் மறுபக்கம் முழுதாக விழுந்ததும் ஊசியை முழுவதும் பின்னுக்கு எடுங்கள். ஊசி கண்ணிக்குள் இருக்கும்போதே செயினை இழுக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும், ஊசி முனை உடைய அதுவும் ஒரு காரணம். திருகின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் இந்த வேலை பாதியாகும்.

இணைப்பது: குயிக் லிங்க் போடுங்கள்

ரிவிட்டைப் பாதி தள்ளி வைத்து அதையே திரும்ப உள்ளே அழுத்தி இணைக்கும் பழைய முறையை இப்போதும் சிலர் சொல்லித் தருகிறார்கள். தற்காலச் செயின்களில் ரிவிட்டின் முனையைத் தொழிற்சாலையிலேயே தட்டி விரித்திருப்பார்கள். வெளியே தள்ளும்போது அந்த விரிவு சிதைந்துவிடும், திரும்பப் போட்டால் பழைய பிடி இருக்காது. மேட்டில் எழுந்து மிதிக்கும்போது அறுந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில்தான் போய் இடிக்கும். ஷிமானோ தரும் தனி இணைப்பு ரிவிட் நம்பகமானது, ஆனால் ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் புதிது வேண்டும். ஆகவே கட்டர் வெட்ட மட்டும், இணைக்கக் குயிக் லிங்க். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

குயிக் லிங்க் ஸ்பீடுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 7 ஸ்பீடு வண்டிக்கு 6/7/8 என்று எழுதியிருப்பது சரி. ஒரு பாதியை ஒரு முனையிலும் மறு பாதியை எதிர்ப்பக்கமிருந்து மறு முனையிலும் சொருகி, இழுத்துப் பொருத்துங்கள். பெடலைத் திருப்பி அந்த லிங்க் மேல்பக்கச் செயினில் நடுவில் வரும்படி வைத்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இணைக்கும்வரை இரண்டு முனையும் விலகாமல் இருக்க, பழைய ஸ்போக்கில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் வளைத்துக் கொக்கியாக மாட்டிக்கொள்ளலாம்.

இணைத்ததும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். டெரெய்லரில் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் துள்ளினால் அங்கே ஒரு கண்ணி இறுக்கம். நான் முதலில் கருவியைத் தொடுவதில்லை. அந்தக் கண்ணியின் இரு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் மெல்ல வளைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால், இப்போதுதான் கைப்பிடிக்குப் பக்கத்து மேடைக்கு வேலை: அதில் வைத்து ஒரு நூலளவு தள்ளுங்கள், அவ்வளவுதான்.

புதுச் செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போடாதீர்கள். உள்ளே தொழிற்சாலை கிரீஸ் இருக்கிறது. வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தால் போதும்.

பின்னால் சேர்த்தது

படித்துவிட்டு இருவர் கேட்டதற்காக இது. ஒருவருக்குச் செயின் மாற்றியதிலிருந்து 'கர கர' சத்தம். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், டெரெய்லரின் தகட்டு நாக்குக்குத் தவறான பக்கமாகச் செயினை விட்டிருக்கிறார். குயிக் லிங்க்கைக் கழற்றி வழி மாற்றினால் சரி. கழற்றத் தனி பிளையர் வரும். இல்லையென்றால் பழைய பிரேக் கேபிள் துண்டை லிங்க்கின் இரு ரிவிட்டுகளையும் அணைத்துச் சுற்றி, முனைகளைக் குறுக்கே இழுங்கள். ரிவிட்டுகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து கழன்றுவிடும். 7, 8 ஸ்பீடு லிங்க்குகளைத் திரும்பப் போடலாம். 10, 11, 12 ஸ்பீடு லிங்க்குகளில் பல ஒரு தடவைக்கானவை, அட்டையைப் பாருங்கள்.

இன்னொருவர் அப்பாவின் பழைய ஹெர்குலஸுக்குக் கட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். கழற்ற மட்டும் என்றால் தேவையில்லை. செயின் கவரைத் திறந்து தேடினால் மீன் வடிவத்தில் ஒரு கிளிப் உள்ள லாக் இருக்கும், கட்டிங் பிளையரால் கிளிப்பைத் தள்ளினால் கழன்றுவிடும். திரும்பப் போடும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது லாக் மேல்பக்கத்தில் இருக்கும்போது முன்சக்கரத்தை நோக்கி. புதுச் செயின் நீளம் கூடி, வெட்டியே ஆகவேண்டும் என்றால் தெருமுனை அண்ணனிடம் கொடுங்கள். நட்டும் பஞ்ச்சும் அவரிடம் இருக்கும்.