கோலிக்குண்டு எங்கே விழும்? உருட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்

எறிபொருள் இயக்கம், அதாவது எறிந்த பொருள் போய் விழும் விதம், என்றதும் பலர் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் காதால் கேளுங்கள், கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களும் ஒரு ஸ்கேலும் போதும். ஸ்கேலின் ஒரு முனை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சாய்வாக வைத்து, அந்த முனையின் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். இன்னொன்றை மேசை மேலேயே, விளிம்போரமாக, ஸ்கேலை ஒட்டி வையுங்கள். ஸ்கேல் திரும்பினால் அது வெளியே தள்ளப்பட வேண்டும். உள்முனையை விரலால் அழுத்திக்கொண்டு ஸ்கேலைப் பட்டென்று அந்த நாணயத்தின் பக்கமாகத் தட்டுங்கள். முனையில் இருந்தது நேராகக் கீழே விழும், மற்றது எகிறித் தள்ளிப் போய் விழும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தரையில் ஒரே சத்தம்தான். இன்னும் பலமாகத் தட்டிப் பாருங்கள், அப்போதும் ஒரே சத்தம்.

ஈர்ப்பு விசை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. பக்கவாட்டு வேகத்தை அது தொடுவதே இல்லை, அந்த வேகமும் விழும் நேரத்தை மாற்றுவதில்லை. கலிலியோ இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துத்தான், எறிந்த பொருளின் பாதை ஒரு பரவளையம் (parabola என்ற வளைவு) என்று 1638-இல் வெளியான தன் நூலில் காட்டினார்.

விழும் பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. கைவிட்ட பொருள் முதல் 0.1 நொடியில் 4.9 செ.மீ. இறங்குகிறது, அடுத்த 0.1 நொடியில் 14.7, அதற்கடுத்து 24.5. 4.9-ஆல் வகுத்தால் 1, 3, 5! எனக்கு இன்றும் இது அலுக்கவில்லை. கனமான பொருள் சீக்கிரம் விழாதா என்றால், காற்றுத் தடை இல்லாத இடத்தில் விழாது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

சரி, இப்போது அளப்போம். ஓர் அட்டையை நீளவாக்கில் மடித்துச் சரிவுப்பாதை செய்து மேசை மேல் வையுங்கள். அதன் கடைசிப் பகுதி மட்டமாக இருப்பது ரொம்ப முக்கியம்: அங்கே குண்டை வைத்தால் அசையாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாய்வாகக் கிளம்பி கணக்கே தப்பிவிடும். பாதையின் நுனியிலிருந்து நூலில் ஏதாவது கனத்தைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விழும் இடத்தில் வெள்ளைத்தாளும் அதன் மேல் கார்பன் தாளும் விரித்து, சரிவின் ஒரே உயரத்திலிருந்து ஐந்து தடவை உருட்டுங்கள். தாளில் ஐந்து புள்ளிகள் நெருக்கமாக விழும். அவற்றின் நடுவிலிருந்து குறி வரை அளந்தால் அதுதான் தூரம்.

நுனி தரையிலிருந்து 75 செ.மீ. உயரம், தூரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதலில் விழ ஆன நேரத்தைக் கணக்கிடுவோம். உயரத்தை மீட்டரில் இரட்டித்தால் 1.5, அதை 9.8-ஆல் வகுத்தால் 0.153, வர்க்கமூலம் 0.39. விழ ஆன நேரம் 0.39 நொடி. 0.6-ஐ அதால் வகுத்தால், குண்டு நொடிக்குச் சுமார் 1.54 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்கிறது. கடிகாரமே தேவைப்படவில்லை.

இனி அதே பாதையை, நுனி 50 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி ஒரு முக்காலி மேல் வைத்து, கீழே 10 செ.மீ. உயரமுள்ள டம்ளரில் குண்டை விழ வையுங்கள். பலர் 50 என்று போட்டுத் தவறவிடுவார்கள். குண்டு டம்ளரின் வாய் வரைதான் விழ வேண்டும், ஆகவே 40. அதே கணக்கில் நேரம் 0.286 நொடி, அதை 1.54-ஆல் பெருக்கினால் தூரம் 44 செ.மீ. டம்ளர் வாயின் நடுப்பகுதி அங்கே வரும்படி வைத்துவிட்டு, சரிவின் அதே பழைய உயரத்திலிருந்தே உருட்டுங்கள்.