மண்ணால் கோழிக்கூடு கட்டுவது எப்படி? கூரையிலிருந்து தொடங்குங்கள்

அத்திவாரம் வைத்ததும் முதலில் கூரையைப் போடுங்கள். மண் குழைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இது தெரியாமல் நான் கட்டிய முதல் கூடு ஒரு மாரியைக்கூடத் தாங்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் அவசரமாகக் கட்டினேன். கார்த்திகை மழையில் சுவரின் அடி ஊறி, ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் கூடு முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. கோழிகள் வேப்பமரத்தில் ஏறியிருந்தன.

திருகோணமலையில் பெருமழை ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும். ஆகவே பெரும்போக (மழைக்கால நெல்) அறுவடை முடிந்ததும் வைக்கோலைச் சேர்த்து வையுங்கள். வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கும்போது வேலையில் இறங்கலாம். (கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று.)

இங்கே சொல்லும் அளவு 6 அடி நீளம், 4 அடி அகலம். பகலில் மேயவிட்டு இரவில் மட்டும் அடைப்பதானால் பத்துக் கோழிகளுக்கு இது போதும். நாள் முழுக்க அடைத்து வைப்பவர்கள் கோழிக்கு 4 சதுர அடி வீதம் கணக்கிட வேண்டும்.

1. அத்திவாரம்

மழைநீர் தேங்காத மேட்டில், மர நிழலில் இடம் பாருங்கள். நீளப் பக்கம் தெற்கைப் பார்க்கட்டும், வாசலும் அங்கேதான். கருங்கல்லை 1 அடி உயரத்துக்கு அடுக்கி, இடுக்குகளில் மண்ணை இறுக்குங்கள். சுவரைக் கரைப்பது மேலே பெய்கிற மழையைவிட, தாழ்வாரத்திலிருந்து விழுந்து நிலத்தில் பட்டுத் தெறிக்கும் நீர்தான். அந்தத் தெறிப்பு கல்லோடு நின்றுவிட வேண்டும்.

2. கப்பும் கூரையும்

கப்பு என்றால் கூரையைத் தாங்கும் மரத்தூண். நான்கு மூலைக்கு நான்கு கப்பு, குறுக்குப் பக்கங்களின் நடுவில் இரண்டு. எல்லாவற்றையும் 2 அடி ஆழம் புதையுங்கள். புதையும் பகுதியை முன்பே தீயில் கரியும்வரை வாட்டினால் கறையான் ஏறுவது குறையும் என்பார்கள். நிலத்துக்கு மேலே மூலைக்கப்பு 5½ அடி, நடுக்கப்பு 7½ அடி. அப்போதுதான் கிடுகில் (கூரை வேயும் பின்னிய தென்னோலையில்) தண்ணீர் நிற்காமல் ஓடுகிற சரிவு கிடைக்கும். நான்கு பக்கமும் கூரை ஒன்றரை அடி வெளியே நீளட்டும்.

ஆணியோடு நிறுத்தாதீர்கள். வளையையும் (கப்புகளின் மேல் கிடத்தும் மரம்) கைமரத்தையும் (சரிவாக இறங்கும் மரம்) கப்போடு சேர்த்துத் தும்புக்கயிற்றால் வரிந்து கட்டுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது எங்கள் கூட்டின் கிடுகில் பாதி பறந்தது. கட்டிய மரம் அசையவில்லை.

3. வரிச்சு

கப்புகளுக்கு இடையே மெல்லிய தடிகளை நட்டு, குறுக்கே பனஞ்சலாகை அல்லது காட்டுத்தடியை 4 அங்குல இடைவெளியில் உள்ளும் புறமும் கட்டுங்கள். கூரைக்குக் கீழே இரு பக்கமும் இருக்கும் முக்கோணங்களை மண்ணால் அடைக்க வேண்டாம். அங்கே அரை அங்குலக் கண் கொண்ட தடித்த கம்பிவலை அடியுங்கள். கோழிகளின் மூச்சும் எச்சத்தின் நெடியும் அந்த வழியாகத்தான் வெளியேறும். விலை குறைந்த மெல்லிய வலையை மரநாய் ஒரே இரவில் பிரித்துவிடும். கீரி தோண்டி நுழையாதபடி தரைக்கு அடியிலும் ஒரு வலை விரியுங்கள்.

4. மண்

தம்பலகாமத்து வயல் மண்ணில் களி மிகுதி. நிலாவெளிக் கரையோரத்தில் வெறும் மணல். ஆகவே யாரோ சொன்ன விகிதத்தை நம்பாதீர்கள், உங்கள் மண்ணைச் சோதியுங்கள். போத்தலில் பாதிக்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒருநாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மொத்தப் படிவில் களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. களி கூடினால் ஆற்றுமணல் சேருங்கள், குறைந்தால் புற்றுமண். கடல்மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு வெள்ளையாகப் பூத்துச் சுவரை உதிர்க்கும். புற்றை வெட்டுமுன் பாம்பு குடியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

மண்ணை முதல்நாள் மாலையே ஊறவைத்து, காலையில் சாண் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலைத் தூவித் தூவி மிதியுங்கள். தொடக்கத்தில் கால் வழுக்கும், பிறகு ஒட்டும், கடைசியில் குதிகாலை எடுக்கும்போது 'பொளக்' என்று சத்தம் வரும். அம்மம்மா அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்பார். பிறகு ஒரு உருண்டை பிடித்து இடுப்பளவிலிருந்து நிலத்தில் போடுவார். உருண்டை சப்பையானால் "தண்ணீர் கூடிவிட்டது, தம்பி" என்பார். உடைந்து சிதறினால் வாயைத் திறக்காமல் வாளியை நீட்டுவார்.

5. அப்புதல்

இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஒரே இடத்தில் இருவரும் உருண்டையை அறைந்தால் நடுவில் மண் பிணையும். சுவர் 5 அங்குலத் தடிப்புக்கு வரட்டும். கச்சான் ஒரே நாளில் மேற்பரப்பை உலர்த்தி வெடிக்க வைத்துவிடும், ஆகவே ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வெடிப்புகளை நனைத்து, அரித்த மண்ணும் மணலும் கலந்து இரண்டாம் பூச்சு பூசுங்கள். அது காய்ந்தபின் சாணமும் களியும் கரைத்து மெழுகுங்கள். வெடிப்புகளை அலட்சியமாக விட்டால் உண்ணிகள் அவற்றில் குடியேறிவிடும்.

6. உள்ளே

தரையில் மண்ணை இடித்து இறுக்கி, மேலே 3 அங்குலம் உமி. கோழி அடைய உருண்டைத் தடிகள், கோழிக்கு 8 அங்குலம் வீதம். முட்டைக்கு 1 அடிச் சதுரப் பெட்டி இரண்டு, தடியைவிடத் தாழ்வாக. உயரத்தில் வைத்தால் கோழிகள் அதிலேயே படுத்து எச்சமிடும். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கொட்டிவிடுங்கள், புரண்டு குளிக்கும்.

ஆண்டுதோறும் ஆவணியில் சுவரை மெழுகி, இற்றுப்போன கிடுகை மாற்றுங்கள். புதுக்கூட்டுக்குப் பழகும்வரை கோழிகளை நான்கைந்து நாள் தீனியும் தண்ணீரும் வைத்து உள்ளேயே அடைத்துவையுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் பழகிவிட்டன, சேவலைத் தவிர. அந்தி சாய்ந்தால் அது இன்னும் வேப்பமரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறது.