மீசைமயிரிலிருந்து மூளைத்தண்டு வரை: மறுபடி மறுபடி நடக்கும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எலிக்குட்டியின் மூளைத்தண்டை வெட்டி, துண்டுகளைத் தட்டில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார். எது இடம், எது வலம் என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியுமே" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

இடம் வலம் குறிக்காமல் வெட்டுவது

சுண்டெலியின் பெரிய மீசைமயிர்கள் ஐந்து வரிசை: மேலே ஏ (A), கீழே ஈ (E). இவற்றின் உணர்வு இழைகள் முப்பிரிவு நரம்பு வழியாகப் போய், அதே பக்க மூளைத்தண்டில் முடிகின்றன. அடுத்த நியூரான்தான் பெரும்பாலும் பக்கம் மாறி, மூளையின் உணர்வுச் சந்தியான தாலமஸுக்கு ஏறும்.

நான் இடப்பக்கம் ஏ வரிசையிலும் வலப்பக்கம் ஈ வரிசையிலும் டை-ஐ (DiI) என்ற, நரம்பிழை வழியே பரவி ஒளிரும் சாயம் வைத்தேன். வாரக்கணக்கில் காத்திருந்து, வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பக்கம் முதுகுப்புறத்தில் ஒரு புள்ளி, மறுபக்கம் வயிற்றுப்புறத்தில் ஒரு புள்ளி. மேல் வரிசை மேலேதானே இருக்கும்? அதனால் முதுகுப்புறப் புள்ளிதான் ஏ, துண்டுகள் தண்ணீரில் புரண்டுவிட்டன என்று நானே முடிவுகட்டி, எல்லாப் படத்திலும் இடத்தை வலமாக்கினேன். ஒன்றிரண்டு அல்ல, அந்தத் தொகுதி முழுவதும்.

உண்மையில் மூளைத்தண்டில் முகம் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. கீழ்த்தாடை முதுகுப்புறம், கண்பக்கம் வயிற்றுப்புறம். ஏ வரிசை கீழேதான் வர வேண்டும். என் துண்டுகள் புரளவே இல்லை; புரட்டியது நான்.

மாட்டிக்கொண்டது முப்பிரிவு நரம்பு முடிச்சால், அதாவது மீசையின் உணர்வுச் செல்கள் இருக்கும் இடத்தால். இடது, வலது முடிச்சுகளைத் தனித்தனிக் குழாயில் போட்டு வைத்திருந்தேன். வலப்பக்கச் சாயம் சரியாக ஏறவில்லை, அந்த முடிச்சில் சில செல்களே ஒளிர்ந்தன. ஆனால் நான் 'வலம்' என்று பெயரிட்ட மூளைத்தண்டுப் பக்கமோ பளிச்சென்று எரிந்தது. மூத்தவர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இது எப்படி?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாத வேலை. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. வெட்டும் முன், வலப்பக்க வயிற்றுப்புற ஓரத்தில், முப்பிரிவு நரம்பு முடியும் உட்கருக்களை (நியூரான் திரள்களை) தொடாமல், ஊசியால் நீளவாக்கில் ஒரு கீறல். அதை முதல் நாளே நோட்டில் எழுதுங்கள். எந்தப் பக்கம் கீறினோம் என்பதையே மறந்தவர்களும் உண்டு.

டை-ஐ துண்டில் ட்ரைட்டான் ஊற்றுவது

அந்தச் சாயம் செல் சவ்வின் கொழுப்பில் கரைந்திருப்பது. ட்ரைட்டான் ஒரு டிட்டர்ஜென்ட்; அது சவ்வைக் குலைக்கும், சாயமும் கலைந்துபோகும். ஆல்கஹால் வரிசையில் இறக்கினாலும் இதே கதிதான்.

ஓராலிஸ் உட்கருவில் பேரலெட் தேடுவது

பேரலெட் என்பது ஒவ்வொரு மீசைமயிருக்கும் மூளைத்தண்டில் உள்ள தனித்தனித் திரள். ஓராலிஸ் முப்பிரிவு உட்கருக்களில் ஒன்று; அங்கே அது கிடையாது. முதன்மை உட்கரு, இன்டர்போலாரிஸ், காடாலிஸ் மூன்றிலும் பாருங்கள்.

முக நரம்பு உட்கருவில் ஒளி கண்டு குதிப்பது

மீசைத் திட்டில் காலரா டாக்ஸின் பி என்ற தடங்காட்டியைச் செலுத்தினால் மீசையை அசைக்கும் தசைகளும் அதை உறிஞ்சும். ஏழாம் நரம்பான முக நரம்பின் இயக்க நியூரான்கள் பின்னோக்கி நிறைந்து மின்னும். புதிய உணர்வுப் பாதை கண்டுபிடித்துவிட்டோம் என்று மூன்று பேர் என்னிடம் ஓடி வந்திருக்கிறார்கள்.

எல்லா உணர்வுச் செல்லும் முடிச்சில்தான் என்பது

தாடைத் தசையின் நீட்சியை உணரும் செல்கள் நடுமூளை உட்கருவில், மூளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.