தினமும் 15 நிமிஷம், ஒரே ஒரு கார்ட் மாத்தல்: கிட்டார் கை படிய நான் பண்ற வழி

கிட்டார் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு பாட்டு கூட முழுசா வாசிக்க வரலன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, கிட்டார் இப்போ எங்க இருக்கு? அனேகமா வர்ற பதில், பைக்குள்ள, ஜிப் போட்டு, கட்டிலுக்கு அடியில. அதை முதல்ல வெளிய எடுங்க. ஒரு ஸ்டாண்டோ சுவத்துல ஒரு ஹூக்கோ எதுவா இருந்தாலும் சரி, நீங்க வழக்கமா உக்கார்ற இடத்துல இருந்து கைய நீட்டினா எட்டணும், நேரா வெயில் படாம இருந்தா போதும், பிக்கும் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்ன தகடு) ட்யூனரும் (சுருதி பாக்குற கருவி) பக்கத்துலயே இருக்கட்டும். வேலை முடிச்சு அலுத்துப்போய் வர்ற அன்னைக்கு ஜிப்ப தொறந்து, பிக்கை தேடி, இதெல்லாம் பண்ண மனசு வராது. ஆனா கண்ணு முன்னாடி நின்னுச்சுன்னா சும்மாவாச்சும் எடுத்து மடியில வைப்போம், மடிக்கு வந்துட்டா 15 நிமிஷம் தானா ஓடிரும்.

ஏன் தினமும்னு கேக்கலாம், ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தமா ரெண்டு மணி நேரம் வாசிச்சா கணக்கு சரியாப் போச்சேன்னு தோணும். நானும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படித்தான் பண்ணேன், நடந்தது என்னன்னா முதல் அரை மணி நேரம் போன வாரம் எங்க விட்டோம்னு விரல் தேடிக்கிட்டு இருக்கும், அடுத்த அரை மணி நேரம் நல்லா போகும், அப்புறம் விரல் நுனி எரிய ஆரம்பிச்சிரும், அதுக்கு மேல வாசிக்கிறது எல்லாம் அரைகுறையா அழுத்தி, தப்பா மாத்தி, அந்த தப்பையும் சேத்து விரல் பழகிக்கும். விரலுக்கு இது சரி இது தப்புன்னு தெரியாது, எதைத் திரும்பத் திரும்ப பண்றோமோ அது அப்படியே பதிஞ்சிரும். இன்னொண்ணு, பழகினது எல்லாம் கெட்டிப்படுறதுல தூக்கத்துக்கு பெரிய பங்கு இருக்கு. நேத்து ராத்திரி வரவே வராம அடம் பிடிச்ச ஒரு கார்ட் (சேந்து ஒலிக்கிற சுரங்களோட கூட்டு) மாத்தல் இன்னைக்கு காலைல எடுத்த உடனே வந்துச்சுன்னா ஆச்சரியப்படாதீங்க, அந்த தூக்கம் தினமும் தொடுறவங்களுக்கு வாரத்துக்கு ஏழு ராத்திரி கிடைக்குது, ஞாயித்துக்கிழமை மட்டும் தொடுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. 15 நிமிஷம்னா கம்மி மாதிரி தெரியும், வருஷத்துக்கு கூட்டிப் பாத்தா 91 மணி நேரம் வருது.

சரி, அந்த 15 நிமிஷத்துல என்ன பண்றது?

முதல்ல ட்யூனிங். தினமும், தவறாம. தடிமனான ஸ்ட்ரிங்ல இருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. சுருதி மேல ஏறிருந்தா அப்படியே இறக்கி நிறுத்தாதீங்க, தேவைக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் தளர்த்திட்டு அங்க இருந்து மேல ஏத்திக் கொண்டு வந்து நிறுத்துங்க, அப்போ தான் நிக்கும். சுருதி சேராத கிட்டார்ல பழகினா காதும் சேந்து கெட்டுப்போகும், நீங்க சரியா அழுத்தினா கூட தப்பா கேக்கும், நமக்கு வரலன்னு நினைச்சு விட்டுருவீங்க. இதுக்கு ஒரு நிமிஷம் தான் ஆகும்.

அடுத்து தான் முக்கியமான வேலை. பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டாதீங்க. ஒரு பாட்டுல நாலு கார்ட் இருந்தா நாலையும் தனித்தனியா அனேகமா உங்களால பிடிக்க முடியும், சிக்குறது ஒரு கார்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு போற அந்த அரை செகண்டுல தான். அந்த ஒரு இடத்தை மட்டும் எடுங்க. உதாரணத்துக்கு சி-ல இருந்து ஜி, நிறைய பேர் மாட்டிக்கிற இடம்.

கைய பாருங்க. சி பிடிக்கும்போது மோதிர விரல் அஞ்சாவது ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்க இருக்கிற கம்பிகளுக்கு நடுவுல உள்ள கட்டம்), நடு விரல் நாலாவது ஸ்ட்ரிங்ல ரெண்டாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் ரெண்டாவது ஸ்ட்ரிங்ல முதல் ஃப்ரெட். (எண்ணிக்கை மெல்லிசு ஸ்ட்ரிங்ல இருந்து ஆரம்பிக்கும், அது தான் ஒண்ணாவது, இதுல குழம்புறவங்க நிறைய பேர்.) இப்போ ஜி-க்கு போகணும். மோதிர விரலையும் நடு விரலையும் பிரிக்காம, அதே ஷேப்ல அப்படியே ஒரு ஸ்ட்ரிங் மேல தள்ளுங்க, மோதிர விரல் ஆறாவதுல மூணாவது ஃப்ரெட், நடு விரல் அஞ்சாவதுல ரெண்டாவது ஃப்ரெட். ஆள்காட்டி விரலை எடுத்துருங்க. சுண்டு விரலை ஒண்ணாவது ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட்டுல வைங்க. அவ்ளோ தான் ஜி. நான் முதல்ல ஜி-ய நடு விரல், ஆள்காட்டி, மோதிர விரல் வச்சு தான் பழகினேன், அதுவும் தப்பில்ல, ஆனா சி-ல இருந்து அதுக்கு போகணும்னா மூணு விரலும் எந்திரிச்சு வேற வேற இடத்துக்கு போய் உக்காரணும், மாசக்கணக்கா போராடினேன், சுண்டு விரல் வச்சு பிடிக்க ஆரம்பிச்ச ஒரே வாரத்துல கை வந்துருச்சு. சுண்டு விரல் முதல் ரெண்டு மூணு நாள் பேச்சு கேக்காது, நடுங்கும், விடாதீங்க.

இதே மாதிரி எந்த ரெண்டு கார்ட் எடுத்தாலும் முதல்ல ஒரு நிமிஷம் வாசிக்காம கைய மட்டும் பாருங்க, எந்த விரல் நகரவே வேண்டாம்? சி-ல இருந்து ஏ மைனருக்கு மோதிர விரல் மட்டும் தான் மாறணும், மத்த ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்கலாம், ஆனா பழகாதவங்க மூணையும் தூக்கிருவாங்க. ஈ மேஜர்ல இருந்து ஏ மைனருக்கு ஷேப் மாறவே மாறாது, மொத்தமா ஒரு ஸ்ட்ரிங் கீழ இறங்கும். இதைப் பாத்து வச்சுக்கிட்டாலே பாதி வேலை குறைஞ்சிரும்.

இப்போ போன்ல ஒரு நிமிஷம் டைமர் போடுங்க. சி, ஒரு தடவை கீழ ஸ்ட்ரம் (ஸ்ட்ரிங் எல்லாத்தையும் சேத்து வருடுறது), ஜி, ஒரு தடவை, திரும்ப சி. ஒவ்வொரு மாத்தலையும் எண்ணுங்க. ஒரு நிமிஷம் முடிஞ்சதும் எத்தனைன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. கொஞ்சம் கை தளர்த்திட்டு இன்னொரு தடவை, மொத்தம் மூணு தடவை போதும். எனக்கு முதல் நாள் 11 வந்துச்சு, மூணு வாரம் கழிச்சு 34. இந்த எண்ணை சும்மா எழுதச் சொல்லல, கணக்கு இருக்கு. நாலு நாலு தாளமா போற பாட்டு நிமிஷத்துக்கு 80 பீட்னு வச்சுக்கோங்க, நாலு பீட்டுக்கு ஒரு கார்ட் மாறினா நிமிஷத்துக்கு 20 மாத்தல் தான் தேவை, 120 பீட்டுல போற வேகமான பாட்டுக்கே 30 தான். அதனால உங்க நோட்டுல 30 தாண்டிருச்சுன்னா அந்த ஜோடி வர்ற பாட்டுல பெரும்பாலானதை தைரியமா வாசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, எண்ணிக்கை ஏறணும்னு அரைகுறையா அழுத்தி ஓட்டாதீங்க. மூணு தடவை எண்ணின அப்புறம் மெட்ரோனோமை (தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கிற கருவி, போன் ஆப்பும் சரி) நிமிஷத்துக்கு 60 பீட்ல வச்சு, ஒரு கார்டுக்கு நாலு பீட், நாலு பீட்டும் சுத்தமா கேக்குதான்னு பாருங்க. தொடர்ந்து மூணு சுத்து பிசகாம வந்தா 4 ஏத்துங்க, பிசகினா 4 இறக்குங்க. விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாப்ல, அதுக்கு சத்து பின்னாடி வைங்க, நடுவுல வச்சா ரெண்டு மடங்கு அழுத்தினாலும் நொய்யின்னு தான் கேக்கும்.

இதுக்கெல்லாம் ஒரு ஏழு நிமிஷம் போயிருக்கும். அடுத்து வலது கை. இதை எல்லாரும் கண்டுக்காம விடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா கேக்குறவங்க காதுல கார்ட் தப்பை விட தாளத் தப்பு தான் முதல்ல விழும். இடது கைய ஸ்ட்ரிங் மேல லேசா படுக்க வச்சு சத்தத்தை அடக்கிட்டு, வலது கைய கடிகார பெண்டுலம் மாதிரி கீழ மேல, கீழ மேலன்னு நிக்காம ஆட்டுங்க. பீட் விழும்போது கை கீழ, நடுவுல மேல. இப்போ கீழ, கீழ மேல, மேல கீழ மேலங்கிற பேட்டர்ன் எடுத்துக்கோங்க, மூணாவது பீட்டுல கை கீழ போகணும் ஆனா ஸ்ட்ரிங்கை தொடக்கூடாது, காத்துல போகணும். அந்த இடத்துல கைய நிறுத்திட்டு காத்திருக்கிறவங்களுக்கு தான் தாளம் தடுமாறும். கை நிக்கவே கூடாது, கார்ட் மாத்தல் லேட்டானா கூட வலது கை போய்க்கிட்டே இருக்கணும், இடது கை ஓடி வந்து சேந்துக்கும்.

மிச்சம் இருக்கிற நாலஞ்சு நிமிஷம் உங்களுக்கு பிடிச்ச பாட்டு. தப்பு வந்தாலும் நிறுத்தாம போங்க, இது ரசிக்கிறதுக்கு. இந்த பாகத்தை மட்டும் வெட்டவே வெட்டாதீங்க, இது இல்லன்னா பத்து நாள்ல வெறுத்துரும்.

விரல் வலி பத்தி. நுனி எரியும், கோடு விழும், தினமும் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சா ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தோல் கெட்டியாகி பழகிரும். குளிச்ச உடனே, பாத்திரம் தேச்ச உடனே வாசிக்காதீங்க, தோல் ஊறி இருக்கும், அப்போ தான் வெட்டும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்க. ஆனா மணிக்கட்டுலயோ முழங்கைக்கு கீழயோ வலிச்சா அது வேற விஷயம், அப்பவே நிறுத்துங்க, கட்டை விரல் கிட்டார் கழுத்து பின்னாடி நசுக்கிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, மணிக்கட்டு ரொம்ப மடங்கி இருக்கான்னு பாருங்க. அடுத்த நாளும் வலிச்சா லீவு விடுங்க, போகலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுல வீரம் காட்டக்கூடாது.

அப்புறம் எஃப் பார் கார்ட் (ஆள்காட்டி விரலை குறுக்க படுக்க வச்சு பிடிக்கிறது), நிறைய பேர் கிட்டாரை மூலையில வைக்கிறது இங்க தான். ஆள்காட்டி விரல் ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்தணும்னு நினைச்சு தான் பயப்படுறோம், கவனிச்சுப் பாத்தா அஞ்சாவதை மோதிர விரல் பிடிக்குது, நாலாவதை சுண்டு விரல், மூணாவதை நடு விரல், அப்போ ஆள்காட்டி விரல் பொறுப்பு ஆறு, ரெண்டு, ஒண்ணு மூணே மூணு ஸ்ட்ரிங் தான். விரலை தட்டையா வைக்காம கட்டை விரல் பக்கமா லேசா உருட்டி எலும்பு பக்கத்தால அழுத்துங்க, கட்டை விரலால நசுக்குறதை விட கை மொத்தத்தையும் பின்னாடி இழுக்குற மாதிரி வச்சா பாரம் தானா இறங்கும். முக்கியமா முதல் ஃப்ரெட்டுல ஆரம்பிக்காதீங்க, நட் (கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன பட்டை) பக்கத்துல ஸ்ட்ரிங் ரொம்ப விறைப்பா இருக்கும். அதே ஷேப்பை அஞ்சாவது ஃப்ரெட்டுல பிடிங்க, ஏ மேஜர் வரும், அங்க சுத்தமா கேட்டா நாலு நாளைக்கு ஒரு ஃப்ரெட் கீழ இறங்குங்க. ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். எவ்வளவு பண்ணியும் வரலன்னா ஸ்ட்ரிங் உயரத்தை ரிப்பேர் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க, பல நேரம் குத்தம் உங்க விரல்ல இருக்காது.

நடுவுல ஒரு நாள் விட்டுப்போகும், போகட்டும். அதுக்காக மறுநாள் அரை மணி நேரம் பண்ணி ஈடு கட்ட வேண்டாம், வழக்கமான 15 தான். உடம்பு சரியில்லாத அன்னைக்கு, ரொம்ப நேரமான அன்னைக்கு, எடுத்து ட்யூன் பண்ணி ஒரே ஒரு நிமிஷம் மாத்தல் எண்ணி நோட்டுல எழுதிட்டு படுங்க, அது போதும்.

வாரத்துக்கு ஒரு தடவை போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, அதே பாட்டு, அதே வேகம். அன்னைக்கே கேக்காதீங்க, குறை மட்டும் தான் தெரியும். நாலு வாரம் கழிச்சு முதல் ரெக்கார்டையும் கடைசி ரெக்கார்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க.

நோட்டுல ஒரு ஜோடி 30 தாண்டி ஒரு வாரம் அப்படியே நின்னுச்சுன்னா அது கைய சூடு பண்றதுக்கு போயிரும், அடுத்த ஜோடிய எழுதுங்க. சி, ஜி முடிஞ்சா ஜி, டி. அது முடிஞ்சா சி, எஃப். என் நோட்டுல இப்போ இருக்கிறது பி மைனர்ல இருந்து ஜி, நேத்து கணக்கு 22.