கொக்கில் கோட்டை விடும் இடங்கள்

போன ஞாயிறு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பறவை பார்க்கப் புதிதாக வந்த நான்கு பேரோடு நின்றிருந்தேன். தூரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு. "மூக்கு மஞ்சளா இருக்கு, உசரமாவும் இருக்கு, பெரிய கொக்குதாண்ணா" என்று ஒரு தம்பி எழுதியே விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே பிழை. நாமக்கோழிக்கு நெற்றி வெள்ளை, தாழைக்கோழிக்குச் சிவப்பு என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானே பிடிபடும். கொக்கு அப்படியல்ல.

அலகு நிறத்தை நம்புவது

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும்போது பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அலகு மஞ்சளாகவே இருக்கும். கூடு கட்டும் பருவத்தில் இரண்டுக்கும் கறுத்துவிடும். அப்போது கறுத்த அலகைப் பார்த்து அவற்றையே சின்னக் கொக்கு என்று தவறாகச் சொல்வார்கள். உயரமா? பெரியது ஒரு மீட்டரைத் தொடும். ஆனால் தனியாக நிற்கும் கொக்கை எதோடு ஒப்பிட்டு அளப்பீர்கள்?

பார்க்க வேண்டியது வாய்ப்பிளவை. அலகின் அடியிலிருந்து கன்னத்துக்குள் ஓடும் அந்த மெல்லிய கோடு, பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரத்தில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். எந்தப் பருவத்திலும் இது மாறாது.

இது தெரியாமல் இரண்டு வருடம் எங்கள் ஊர் ஏரியில் வாராவாரம் எண்ணி, மஞ்சள் அலகை எல்லாம் பெரிய கொக்கு என்றே, பறவைக் கணக்கைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றினேன். மூத்த பறவை நோக்கர் ஒருவர் படம் கேட்டார். இருந்த பதினோரு படங்களில் ஏழு நடுத்தரக் கொக்கு. படமே எடுக்காத நாட்களின் கணக்கை எதை வைத்துத் திருத்துவது? அத்தனையும் நீக்கினேன். இன்று அந்த ஏரியில் பாதி வீட்டுமனை. அங்கே நடுத்தரக் கொக்கு எத்தனை இருந்தன என்று கேட்டால் காட்ட என்னிடம் ஓர் எண்கூட இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தயவுசெய்து, கோடு தெரியவில்லையென்றால் "கொக்கு, இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

சின்னக் கொக்கின் பாதத்தை விடுவது

கால் கறுப்பு, பாதம் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்வரை காத்திருங்கள்.

மடையான் பறந்ததும் பெயரை மாற்றுவது

மடையான் என்பது குளத்தங்கரைகளில் நிற்கும் குட்டைக் கொக்கு. உட்கார்ந்தால் மண் நிறம், இறக்கை விரித்தால் வெள்ளை. அதே பறவைதான்.

நீர்க்காகத்தில் கறுப்பை மட்டும் பார்ப்பது

அலகு குட்டையாக இருந்தால் சின்ன நீர்க்காகம். ஒல்லியாக நீண்டு நுனி கொக்கிபோல் வளைந்து, கண் நீலப்பச்சையாக இருந்தால் கொண்டை நீர்க்காகம். வளைவே இல்லாமல் ஈட்டிபோல் நீண்டிருந்தால் அது நீர்க்காகமே இல்லை, பாம்புத்தாரா.